வைத்திருங்கள் என்றுதான் சொன்னோம்

இருந்தவர்கள்: நான். என் மனைவி வெள்ளையம்மாள். எங்கள் மகன் பொன்னன், அப்போது வயது பத்து. முள்ளுக்குறிச்சி மாணிக்கம், கப்பலில் சமையல்காரன். பொன்னன் படித்த பள்ளிக்கூடத்தின் பெரிய டீச்சர். அவர் கூட்டி வந்த வகுப்புப் பிள்ளைகள். கருநீல அங்கியில் சிவப்புக் கரை வைத்த ஒரு காவல்காரர். எங்களுக்கு முன்னும் பின்னும் டிக்கெட் வாங்கி வந்த ஜனம்.

கூண்டுக்குள் இருந்தவை: கிரீடங்கள். செங்கோல்கள். ஒரு தங்க உருண்டை. வாள்கள். காப்புகள். உப்பு வைக்கும் தங்கக் கிண்ணங்கள்.

இடம், லண்டன் கோட்டை. மாதம் மாசி. குளிர்.

போன வாரம் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு வெள்ளைக்காரர் கேட்டார், கோட்டைக்குப் போய் ராணியின் நகைகளைப் பார்த்திருக்கிறாயா என்று. பார்த்தேன் என்றேன். நன்றாக இருந்ததா என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இந்தப் பங்குனியில் எங்கள் வீட்டு முறை மறுபடியும் வருகிறது. போன முறை நடந்ததை எழுதி அனுப்பு என்று ஊரிலிருந்தும் கேட்கிறார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

1

எங்கள் ஊர் கொல்லிமலையில் குண்டனி நாடு. நான் யுத்த காலத்தில் ரோடு போடுகிற பட்டாளத்தில் சேர்ந்து மலை இறங்கினேன். பட்டாளம் கலைந்ததும் கப்பலில் கரி அள்ளினேன். பிறகு லண்டனில் இறங்கி ரயில் பெட்டி கழுவும் வேலையில் நின்றுவிட்டேன். மனைவியையும் மகனையும் பின்னால் வரவழைத்தேன். வெள்ளையம்மாள் துணி வெளுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு எங்கள் ஊர்க் காப்பு பற்றித் தெரியாது. சொல்கிறேன்.

பங்குனித் திருவிழாவில் சாமிக்குடை ஊரைச் சுற்றும். குடைக்கு முன்னால் ஒருவர் வலது கையில் வெள்ளிக் காப்புப் போட்டு நடப்பார். எங்கள் ஊரில் நான்கு வீட்டுக்கு அந்த முறை. வருடத்துக்கு ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காப்பு. அது அந்த வீட்டில் மூத்தவன் கையில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூத்தவன் நான். அதனால் காப்பு என்னோடு லண்டன் வந்தது.

காப்புப் போட்டவனுக்குப் பரிவட்டம் கிடையாது. பெரிய பங்கு கிடையாது. அவனுக்கு ஒரே வேலை. யாருக்காவது மனக்குறை இருந்தால் அவர் வழியில் குறுக்கே வந்து நிற்பார். அதை மறிப்பது என்போம். ஆணும் மறிக்கலாம், பெண்ணும் மறிக்கலாம், ஒன்றும் இல்லாதவனும் மறிக்கலாம். மறித்தால் மேளம் நின்றுவிட வேண்டும். குடை நின்றுவிட வேண்டும். காப்புப் போட்டவன் அப்படியே நின்று முழுதும் கேட்க வேண்டும். கேட்டு முடித்துக் காப்பைத் தொட்டு, "கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அதைத் தீர்த்து வைக்காமல் அவன் தன் வீட்டுக்குள் போகக் கூடாது. "கேட்டேன்" என்று சொல்லும்வரை குடை நகராது. என் அப்பா காலத்தில் ஒரு முறை வெயில் சாயும்வரை குடை நின்றிருக்கிறது.

காப்பு இல்லாதவன் குடைக்கு முன் நடக்க முடியாது. முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

அந்த வருடம் எங்கள் வீட்டு முறை. நான் போக முடியாது. ரயில்வேயில் அத்தனை நாள் லீவு தரமாட்டார்கள். தம்பி செல்லன் காப்புப் போட்டு நடப்பது என்று முடிவானது. நான் காப்பை அனுப்ப வேண்டும்.

இதில் இன்னொரு காரியமும் இருந்தது. எங்கள் ஊரில் நல்லம்மாள் என்று ஒருத்தி. புருஷன் செத்தபின், பலாமரங்களில் அவள் ஏற்றிவிட்ட மிளகுக் கொடிகளைப் புருஷனின் அண்ணன் தனது என்று பறித்துக்கொண்டிருந்தான். அவள் பங்குனிக்காகக் காத்திருந்தாள். மறிக்கப் போகிறாள் என்று ஊருக்கே தெரியும். காப்பு வந்து சேராவிட்டால் முறை அடுத்த வீட்டுக்குப் போகும் என்றேன் அல்லவா. அந்த அடுத்த வீடு, கொடியைப் பறித்தவனின் வீடு. அவள் யாரை மறிப்பாள்? அவனைப் பற்றி அவனிடமே சொல்வாளா?

தம்பி எழுதியிருந்தது இரண்டே வரி. "காப்ப அனுப்பு. நல்லம்மா தெனமும் வந்து கேக்கறா."

மாணிக்கத்தின் கப்பல் மாசிக் கடைசியில் புறப்படுவதாக இருந்தது. கொழும்பு போய், அங்கிருந்து அவன் ஊர் போய், முள்ளுக்குறிச்சியிலிருந்து மலை ஏறித் தம்பியிடம் கொடுப்பதாக ஒப்புக்கொண்டான். அவனை விட்டால் ஆள் இல்லை. அப்படிப்பட்ட பொருளைத் தபாலில் போட முடியாது.

ஆனால் அப்போது காப்பு என்னிடம் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரிக்குள் இருந்தது.

2

அது அங்கே போன விதம் இது.

தை மாதத்தில் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், வெளிதேசத்துப் பிள்ளைகள் அவரவர் ஊர்ப் பொருள் ஏதாவது கொண்டு வாருங்கள், ஒரு வாரம் எல்லாரும் பார்க்கட்டும் என்று. ஒருத்தி சங்கு கொண்டுவந்தாள். ஒருவன் மரமுகமூடி கொண்டுவந்தான். பொன்னன் வந்து அழுதான்.

"எங்க ஊர்ல ஒண்ணுமே இல்லயான்னு கேக்கறாங்கம்மா."

"ஏஞ்சாமி இல்லாம?" என்றாள் வெள்ளையம்மாள். பெட்டியைத் திறந்து காப்பை எடுத்தாள். பிள்ளை கையில் தனியாகக் கொடுத்தனுப்பவில்லை. அவளே கூடப் போனாள். பெரிய டீச்சரிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். அவளுக்கு இங்கிலீஷ் பத்திருபது வார்த்தை தெரியும். எல்லாம் சலவைக்கூடத்தில் படித்தது. அங்கே மேல்பார்வைக்காரி வெளியே போகும்போது தன் பையையும் சாவியையும் இவளிடம் நீட்டி, "கீப் திஸ்" என்பாள். திரும்பி வந்து வாங்கிக்கொள்வாள். தினமும் நடக்கிற காரியம். கீப் என்றால் வைத்திரு. வந்து வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கு வேறு அர்த்தம் தெரியாது. நம்மில் யாருக்குத் தெரியும்?

"கீப், மேடம்" என்றாள். "ப்ளீஸ் கீப்."

பெரிய டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப சந்தோஷப்பட்டாராம். இவளும் சந்தோஷமாகத் திரும்பி வந்தாள்.

"என்ன மரியாதீங்க! எந்திரிச்சு நின்னு வாங்குனாங்க."

வாரம் முடிந்தது. சங்கு திரும்பிவிட்டது. முகமூடி திரும்பிவிட்டது. காப்பு வரவில்லை. பொன்னனைக் கேட்கச் சொன்னோம். கேட்டேன் என்றான். கேட்கவில்லை என்று பின்னால் தெரிந்தது. அவனுக்கு வெட்கம். அந்த அலமாரிக்கு முன்னால் பிள்ளைகள் நின்று, இது பானுடையது என்று சொல்வார்களாம். பொன்னன் அங்கே பான் ஆகிவிட்டான்.

நான் வேலை இல்லாத நாளில் போனேன். ஆபீஸில் ஒரு பெண் உட்காரச் சொன்னாள். நெடுநேரம் உட்கார்ந்தேன். பெரிய டீச்சர் வந்தார். நல்ல மாதிரிதான் பேசினார். அலமாரியைக் காட்டினார். காப்பு வெல்வெட் துணிமேல் இருந்தது. பக்கத்தில் ஒரு அட்டை. அதைப் படித்துச் சொன்னார். இந்திய மலைச்சாதியின் வளையல், பான் என்ற மாணவனின் அன்பளிப்பு.

"நோ கிஃப்ட்" என்றேன்.

அவர் ஒரு தாள் எடுத்தார். அச்சடித்த தாள். அடியில் பொன்னனின் கையெழுத்து. இங்கிலீஷில், வளைத்து வளைத்து, அழகாகப் போட்டிருந்தான்.

"உங்கள் மகனே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்" என்றார். "உங்கள் மனைவியே கீப் என்று சொன்னார். நான் காதால் கேட்டேன்."

கீப் என்றுதான் சொன்னாள், ஆனால் கீப் என்று சொல்லவில்லை. இதை நான் எந்த இங்கிலீஷில் சொல்வது? நம் பேச்சில் வைத்திருங்கள் என்பது வேறு. வைத்துக்கொள்ளுங்கள் என்பது வேறு. கைக்குழந்தை வைத்திருப்பவள்கூடப் பிள்ளையைப் பக்கத்துப் பெண்ணிடம் நீட்டி, கொஞ்சம் வெச்சிருங்க என்பாள். அதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா? இரண்டுக்கும் ஒரே வார்த்தை வைத்திருக்கிற ஜனத்திடம் எதைக் கொடுத்தாலும் இந்தக் கதிதான்.

பள்ளியின் சொத்தாகப் பதிந்தாகிவிட்டது, இனி மேலிடத்தில் எழுதிக் கேட்க வேண்டும் என்றார். ஒருவரைப் பிடித்து எழுதிப் போட்டேன். கிடைத்தது, பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. பரிசீலிக்க எத்தனை நாள் என்று போய்க் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். கப்பல் நிற்குமா?

வீட்டில் பொன்னனைக் கேட்டேன்.

"ஏன்டா கையெழுத்துப் போட்ட?"

"போடச் சொன்னாங்க, டாட்."

"என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சயா?"

"எல்லாரும் பாத்துட்டு நின்னாங்க."

அடிக்கக் கை ஓங்கினேன். வெள்ளையம்மாள் நடுவில் வந்தாள்.

"பச்சப்புள்ள கையெழுத்த வாங்குனவங்கள உட்டுப்போட்டு, போட்டவன அடிக்கறீங்களா?"

கையைக் கீழே போட்டேன்.

3

கோட்டைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப் போனது ஒரு வியாழக்கிழமை. பெற்றோர் வரலாம் என்றார்கள். நான் போக நினைக்கவில்லை. வெள்ளையம்மாள் அரைநாள் லீவு போட்டுவிட்டாள்.

"டீச்சரம்மா அங்க வருவாங்கல்ல. மறுக்காக் கேக்கலாம்."

மாணிக்கமும் வந்தான். அவன் கப்பல் சனிக்கிழமை மாலை. லண்டனுக்கு எத்தனையோ முறை வந்தவன், கிரீடம் பார்த்ததில்லை.

உள்ளே நுழைய ஒரு டிக்கெட். நகை பார்க்க இன்னொரு டிக்கெட். படி ஏறினால் வட்டமான கல் அறை. நடுவில் பெரிய கூண்டு. கண்ணாடி, கம்பி. உள்ளே விளக்கு. ஜனம் வரிசையாகக் கூண்டைச் சுற்றி நடந்து, வெளியே போய்விட வேண்டும். நிற்கக் கூடாது. காவல்காரர் சொல்லிக்கொண்டே இருந்தார், "மூவ் அலாங் ப்ளீஸ், மூவ் அலாங்." அவருக்கு வேறு பேச்சே இல்லை.

மாணிக்கம் சும்மா இருக்கமாட்டான்.

"ஏனுங்கண்ணா, இத்தச்சோட்டுத் தொப்பிய வெச்சா கழுத்து நிக்குமா? நம்ம ஊர்ல வெறகுக்கட்டு செமந்தவங்களுக்குத்தான் ஆவும்."

"பேசாம வா."

"அந்த உருண்ட எதுக்குங்க?"

பொன்னன் பலகையைப் படித்துச் சொன்னான். "அது ஒலகமாம். ராணி கைல வெச்சிருப்பாங்களாம்."

"வெச்சிருப்பாங்களா, வெச்சுக்குவாங்களா?" என்றாள் வெள்ளையம்மாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, மினுங்கியது. கண் கூசியது. ஆனால் எதிலும் வேர்வை இல்லை. எங்கள் காப்பின் உள்பக்கம் கறுத்திருக்கும். என் அப்பா கை, அவர் அப்பா கை. வெயிலில் நின்று நின்று கேட்ட கை. இங்கே இவ்வளவு தங்கத்துக்கும் ஒரு காது இல்லை. கூண்டுக்குள் காப்புகளும் இருந்தன. தங்கக் காப்புகள். அவை எதற்கு என்று பொன்னனைக் கேட்டேன். முடி சூட்டும்போது போடுவது என்று படித்தான். போட்டுக்கொண்டு என்ன செய்வார்கள் என்றேன். அது எழுதவில்லை என்றான்.

வாசலில் ஒரு பலகையில் இந்த நகைகளுக்கெல்லாம் பொறுப்பானவரின் பதவி எழுதியிருந்தது. பொன்னன் அதையும் படித்தான். கீப்பர்.

"கீப்பா?" என்று திரும்பினாள் அவன் அம்மா. "அவருமா?"

அந்த நேரம் பெரிய டீச்சர் பிள்ளைகளை ஒரு கிரீடத்துக்கு நேரே நிறுத்தினார். நடந்துகொண்டே பாருங்கள் என்று காவல்காரர் சொல்ல, அவர் வேகமாகப் பேசினார். இந்தக் கிரீடத்தின் முன்பக்கம் இருக்கிற பெரிய வைரம் இந்தியாவிலிருந்து வந்தது. அங்கே ஒரு சின்ன ராஜா இருந்தான். அவன் எங்கள் ராணிக்குக் கொடுத்தான். பத்திரத்தில் அவனே கையெழுத்துப் போட்டான். அப்போது அவனுக்கு என்ன வயது தெரியுமா? பத்து. பானின் வயது.

எல்லாப் பிள்ளைகளும் பொன்னனைப் பார்த்தார்கள். அவன் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினான்.

"என்ன கண்ணு சொல்றாங்க?" என்று கேட்டாள் அவன் அம்மா. மகன் பெயர் வந்ததும் அவள் காது அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தியாக் கல்லாம்மா அது. ஒரு ராஜா குடுத்தாராம். கையெழுத்துப் போட்டு."

"எந்த ராஜா?"

"சின்னவராம். பத்து வயசாம்."

வெள்ளையம்மாள் நின்றுவிட்டாள்.

4

அந்த வைரம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. அது வடக்கே உள்ள விஷயம். அந்த ராஜாவும் அவர் முன்னோரும் அதை எப்படி எடுத்தார்களோ அதுவும் தெரியாது. கொல்லிமலைக்காரனுக்கு அதில் பங்கு இல்லை. ஆனால் எங்கள் ஊரில் மீசை முளைக்காத பையனிடம் யாரும் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கமாட்டார்கள். வாங்கினால் ஊர் கேட்கும், அவன் வீட்டில் பெரியவர்கள் இல்லையா என்று. பையன் கொடுத்தது கொடுத்தது ஆகாது. அதை ஊரில் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. இங்கே அதை அட்டையில் எழுதி விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

வெள்ளையம்மாள் வரிசையின் நடுவில், கிரீடத்துக்கு நேர் எதிரே, வழிக்குக் குறுக்கே நின்றாள். கால் இரண்டையும் சேர்த்து, கையைக் கட்டாமல் தொங்கவிட்டு. எனக்கு அந்த நிலை தெரியும். குடைக்கு முன்னால் எத்தனையோ பேர் அப்படி நிற்கப் பார்த்திருக்கிறேன்.

"ஏம்புள்ள," என்றேன்.

"நான் மறிச்சிருக்கறனுங்க" என்றாள்.

பின்னால் வந்தவர்கள் முட்டி நின்றார்கள். வட்டம் நின்றுவிட்டது. படியில் வந்தவர்களும் நின்றார்கள்.

"மூவ் அலாங்" என்றார் காவல்காரர்.

அவள் அசையவில்லை.

பெரிய டீச்சர் முகம் சிவந்தது. பொன்னன் தலை குனிந்தான். மாணிக்கம் மட்டும் என் காதில், "அண்ணா, மேளம் ஒண்ணுதான் கொறச்சல்" என்றான்.

காவல்காரர் அருகில் வந்தார். வயதானவர். முகத்தில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. என்ன வேண்டும் இந்த அம்மாவுக்கு என்று பொன்னனைக் கேட்டார்.

பொன்னன் சொன்னான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று.

நாட் வெல் என்றான். வெல் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியும்.

"எனக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நான் சொல்றதச் சொல்லு."

"அம்மா, வேண்டாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"அன்னிக்கும் எல்லாரும் பாத்தாங்கன்னுதான கையெழுத்துப் போட்ட? இன்னிக்கும் பாக்கட்டும். சொல்லு சாமி."

அவன் என்னைப் பார்த்தான். என்னிடம் அவனுக்குக் கொடுக்க இங்கிலீஷ் இல்லை. அவனிடம்தான் இருந்தது.

அவள் நேராகக் காவல்காரரைப் பார்த்துத் தமிழில் பேசினாள். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி.

"ஏனுங்க சாமி. எங்க ஊட்டுக் காப்பு இந்த டீச்சரம்மா கிட்ட இருக்குதுங்க. வெச்சிருங்கன்னு குடுத்தேன். வெச்சுக்கங்கன்னு குடுக்கலீங்க. எம்பையன் கிட்டக் கையெழுத்து வாங்கியிருக்கறாங்க. அவனுக்குப் பத்து வயசுங்க. சனிக்கெழம கப்பலு. காப்புப் போவலீன்னா அங்க ஒருத்தி மறிக்கறதுக்கு ஆளில்லாம நிப்பாளுங்க."

பொன்னன் வாயைத் திறந்தான். இங்கிலீஷில் கடகடவென்று பேசினான். நான் அவன் அப்படிப் பேசி அதற்கு முன் கேட்டதில்லை. ஒரு இடத்தில் திக்கினான். கீப் என்ற வார்த்தையில் நின்று, இல்லை என்று தலையாட்டி, வேறு வார்த்தை தேடினான். கண்டுபிடித்துவிட்டான். மைண்ட். பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அம்மா சொன்னார், உங்களுடையது என்று சொல்லவில்லை. கடைசியில் அவனாகவே ஒன்று சேர்த்தான். நான்தான் கையெழுத்துப் போட்டேன், என்னவென்று எனக்குத் தெரியாது என்றான். அழுதான். ஆனால் தலை நிமிர்ந்திருந்தது.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ உஸ் என்றார்கள்.

காவல்காரர் கூண்டைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பிறகு சொன்னதைப் பொன்னன் எங்களுக்குச் சொன்னான்.

"கூண்டுக்குள்ள இருக்கறதப் பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாதாம். நம்ம காப்பப் பத்தி டீச்சர் கிட்ட வெளிய போய்ப் பேசணுமாம். இங்க நிக்கக் கூடாதாம்."

"நிக்காம எப்பிடிங்க பேசறது?" என்றாள் வெள்ளையம்மாள்.

எனக்கு அப்போதுதான் முழுதாகக் கோபம் வந்தது. அதுவரை டீச்சர்மேல், தாள்மேல், பரிசீலனைமேல் வந்த கோபம் வேறு. இது வேறு. செங்கோலும் கிரீடமும் என்றால் முறையிட வந்தவன் அதன் முன் நிற்க வேண்டும். அதற்குத்தானே அது? இங்கே தேசத்தின் செங்கோல் கண்ணெதிரே இருக்கிறது, அதன் முன் நிற்பது குற்றம். காசு கொடுத்துச் சுற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நம்மை அத்தனை வருடம் ஆண்டது இதுதான். நாம் எதை முறையிட்டாலும் பதில், மூவ் அலாங்.

நான் போய் வெள்ளையம்மாளின் பக்கத்தில் நின்றேன். மாணிக்கம் மறுபக்கம் நின்றான். சமையல்காரன், உடம்பு பெரியது. அதற்கப்புறம் யாரும் ஒதுங்கிப் போகவும் இடமில்லை.

"டீச்சரம்மா கேட்டேன்னு சொல்லட்டும். வழி உட்டர்றேன்" என்றாள் அவள்.

பொன்னன் சொன்னான். பெரிய டீச்சருக்கு அந்தச் சொல் எங்கள் ஊரில் என்னவென்று தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டார். படியில் நிற்கிறவர்கள் சத்தம் போட, காவல்காரர் டீச்சரையே பார்க்க, அவர் வெடுக்கென்று சொன்னார்.

"யெஸ், யெஸ், ஐ ஹேவ் ஹேர்ட் யூ."

வெள்ளையம்மாள் மகனைப் பார்த்தாள்.

"என்னங்கறாங்க?"

"கேட்டேங்கறாங்கம்மா."

அவள் உடனே ஒதுங்கினாள். இரண்டு கையும் கூப்பினாள். கிரீடத்துக்கு இல்லை, டீச்சருக்கு. வட்டம் நகர்ந்தது.

வெளியே ஆற்றங்கரையில் காற்று அடித்தது. மாணிக்கம் கேட்டான், "ஏனுங்கக்கா, அவங்க ஒரு பேச்சுக்குச் சொன்னாங்க. குடுத்துருவாங்களா?"

"கேட்டேன்னு சொன்னாங்கல்ல" என்றாள். எனக்கு நம்பிக்கை இல்லை.

5

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பொன்னன் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தான். பெரிய டீச்சர் தானே அலமாரியைத் திறந்து கொடுத்தாராம். அட்டையை மட்டும் எடுக்கவில்லையாம். வெல்வெட்டில் வட்டமாகத் தடம், பக்கத்தில் அன்பளிப்பு என்ற அட்டை, அப்படியே இருந்ததாம்.

கூட்டத்துக்குப் பயந்து கொடுத்தாரா, மனது கேட்டுக் கொடுத்தாரா, எனக்குத் தெரியாது. கொடுத்தார். அதை எழுதாமல் விடக் கூடாது.

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளும் வெளியும் பளபளவென்று துலக்கியிருந்தார்கள். கறுப்பெல்லாம் போயிருந்தது. உள்பக்கம் பார்த்தேன். என் அப்பா கை பட்ட இடத்தில் ஊசி மாதிரி ஏதோ வைத்து ஆழமாக ஒரு எண் கீறியிருந்தார்கள்.

"இது என்னடா?"

"அலமாரிக்கு வர்ற சாமானுக்கெல்லாம் வரிசையா நம்பர் போடுவாங்க அப்பா."

அன்றைக்கு அவன் டாட் என்று சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். ஆனால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மணல் போட்டுத் தேய்த்தேன். வெள்ளையம்மாள் கையைப் பிடித்தாள். "உடுங்க. தேஞ்சா காப்புத்தான் தேயும்."

சனிக்கிழமை கப்பல் போனது.

பங்குனியில் செல்லன் காப்புப் போட்டு நடந்தான். நல்லம்மாள் மறித்தாள். பேச வேண்டியதைப் பேச அவளுக்கு வெகுநேரம் ஆனதாம். இடையில் அழுகை வந்து நின்றுவிட்டாளாம். மேளக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்களாம். செல்லன் உட்காரவில்லை. "கேட்டேன்" என்றான். கொடியைப் பறித்தவன் வாசலிலேயே போய் நின்றான், தன் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் மிளகு மூட்டை நல்லம்மாள் வீட்டுக்கு வந்தது. கொடியும் அவளுடையது என்று ஊர் சொன்னது.

இப்போது காப்பு தம்பியிடமே இருக்கிறது. மூத்தவன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை நான் மாற்றச் சொன்னேன். இனி அது மலையை விட்டு இறங்க வேண்டாம். மலைக்கு ரோடு போடப் போகிறார்களாம். பஸ் வரும், லாரி வரும், பார்க்க ஆட்கள் வருவார்கள். யாராவது கேட்டால் வைத்திருங்கள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று தம்பிக்கு எழுதினேன்.

பொன்னனுக்கு இப்போது வயது பதினான்கு. வீட்டில் இங்கிலீஷ்தான். அம்மா தமிழில் கேட்பாள், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். எங்கேயாவது ஆபீஸில் அவளை நிற்க வைத்தால் மட்டும் அவன் முன்னால் வந்து, "அம்மா என்ன சொல்லணும், சொல்லு" என்று தமிழில் கேட்கிறான். அது போதும் என்று அவள் சொல்கிறாள். எனக்குப் போதாது. சொல்லி ஆவது என்ன.

பெரிய டீச்சர் வேறு ஊருக்குப் போய்விட்டார். அலமாரி இருக்கிறது. கோட்டையும் இருக்கிறது, கூண்டும் இருக்கிறது. அந்தப் பத்து வயதுப் பையன் கொடுத்த கல்லும் இருக்கிறது. அவனுக்காக மறிக்க அங்கே யாரும் இல்லை.

செல்லன் இந்த முறை எழுதியது இது. "காப்பு உள்ள கீறியிருக்கறது என்னன்னு பசங்க கேக்கறாங்க. ஊர்ப்பெரியவரு நாட்டார் அதை எடைங்கறாரு. பூசாரி அது லண்டன் ராணி வெச்ச முத்திரைங்கறாரு. நீ என்னன்னு எழுது."

எடையும் இல்லை, முத்திரையும் இல்லை தம்பி. அந்த அலமாரிக்குள் போன பொருள்களின் வரிசை எண் அது. எங்களுக்கு முன்னால் யார் யாரோ எதை எதையோ அங்கே நீட்டியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வைத்திருங்கள் என்று சொன்னார்களோ, யார் கண்டது. எண் போட்டபின் திரும்பி வந்தது, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்று. பசங்களுக்கு எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டு.

ஐம்பத்து நான்கு.